நடைபாதை போட்டாச்சு... நடக்க ஆள் வந்தாச்சா?

நடக்கிறவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் என்று அரசாங்கம் திட்டங்கள் போடுகிறது. அவை பலித்தனவா, இல்லையா? கண்டுபிடிக்க வழி இருக்கிறது. அதில் உங்கள் வீட்டு ஆரோக்கியமும் அடங்கியிருக்கிறது!

"தினமும் அரை மணி நேரம் நடங்க!"

சுகருக்குப் போனாலும் சரி, பிரஷருக்குப் போனாலும் சரி, டாக்டர் முதலில் சொல்கிற மருந்து இதுதான். காசு செலவில்லாத மருந்து. ஆனால் இந்த மருந்தைச் சாப்பிட ஓர் இடம் வேண்டுமே! வாசலை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் திறந்த சாக்கடை, இன்னொரு பக்கம் வரிசையாக டூவீலர்கள். நடுவில் உரசிக்கொண்டு போகும் ஆட்டோ. "நடக்கணும்னு ஆசைதான் சார், எங்கே நடக்கிறது?" என்று நீங்கள் கேட்டால் டாக்டரிடம் பதில் கிடையாது. அது அவர் கையில் இல்லாத விஷயம்.

அது நகராட்சி, மாநகராட்சி, அரசாங்கம் கையில் இருக்கிறது. அவர்களும் சும்மா இருப்பதில்லை. நடைபாதை போடுகிறார்கள். சைக்கிள் பாதைக்குக் கோடு போடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு சைக்கிள் கொடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் 'இத்தனை கிலோமீட்டர் போட்டோம், இத்தனை கோடி செலவு செய்தோம்' என்று அறிக்கை வரும்.

சரி, அதனால் உங்கள் தெருவில் ஒரு ஆளாவது கூடுதலாக நடக்க ஆரம்பித்தாரா? அதைத்தான் அறிக்கையில் தேட வேண்டும்.

இட்லிக் கணக்கு

வீட்டில் இட்லி செய்கிறோம். அரிசி, உளுந்து வாங்கினது ஒரு கணக்கு. எத்தனை ஈடு வெந்தது என்பது இரண்டாவது கணக்கு. பிள்ளைகள் எத்தனை சாப்பிட்டார்கள் என்பது மூன்றாவது. சாப்பிட்டது உடம்பில் ஒட்டியதா என்பது நான்காவது. அண்டா நிறைய இட்லி வெந்தும் பிள்ளைகள் பட்டினியாகப் பள்ளிக்கூடம் போனால், "நாற்பது இட்லி சுட்டேனே!" என்று எந்த அம்மாவும் பெருமைப்படமாட்டாள்.

நடை, சைக்கிள் திட்டங்களுக்கும் இதே நான்கு படிகள்தான். எவ்வளவு பணம்? எவ்வளவு வேலை? எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள்? அதனால் உடம்புக்கும் உயிருக்கும் என்ன லாபம்?

நம்ம ஊர் உதாரணமே இருக்கிறது. 2014-ல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் என்று தனியாக ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. அதில் இந்த நான்கு படிகளும் அழகாக இருந்தன. போக்குவரத்துக்கான பணத்தில் குறைந்தது 60 சதவிகிதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்க வேண்டும் - இது முதல் படி. 2018-க்குள் 80 சதவிகிதத் தெருக்களில் நடைபாதை - இரண்டாவது. ஊரில் நடக்கும் மொத்தப் பயணங்களில் நடையும் சைக்கிளும் 40 சதவிகிதத்துக்கு மேல் - மூன்றாவது. நடப்பவரும் சைக்கிள் ஓட்டுபவரும் விபத்தில் இறப்பது பூஜ்யம் - நான்காவது.

2018 வந்தது, போனது. சென்னைத் தெருக்களில் நடந்து போகிறவர்கள் அடிபட்டு இறப்பது பூஜ்யமாகவில்லை. அதற்காகக் கொள்கையே வீண் என்று சொல்லிவிடாதீர்கள். 2019 நவம்பரில் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் குடும்பம் குடும்பமாக நடக்கிறவர்களைப் பார்க்கலாம். கொள்கையில் நான்கு எண்களையும் எழுதி வைத்ததே நல்ல காரியம். எழுதி வைத்ததால்தானே இன்றைக்கு நாம் "எந்தப் படி வரை ஏறினீர்கள்?" என்று கேட்க முடிகிறது! பெரும்பாலான ஊர்களில் முதல் இரண்டு படிகளோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

விபத்து குறைந்தால் வெற்றியா?

"எங்க ரோட்டில் இப்போ விபத்தே குறைஞ்சுபோச்சு" என்று யாராவது சொன்னால் உடனே கை தட்டிவிடாதீர்கள். இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது.

இங்கிலாந்தில் மேயர் ஹில்மன் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் 1990-ல் ஓர் ஆய்வு செய்தார்கள். 1971-ல் பார்த்த அதே பள்ளிப் பகுதிகளுக்குத் திரும்பப் போனார்கள். 1971-ல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவிகிதம் பேர் பெரியவர் துணையில்லாமல் தாங்களே பள்ளிக்கூடம் போனார்கள். 1990-ல் அது எவ்வளவு தெரியுமா? வெறும் 9 சதவிகிதம்! இதே காலத்தில் சாலை விபத்தில் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை பெருமளவு குறைந்திருந்தது. அதைக் காட்டி 'நம் சாலைகள் பத்திரமாகிவிட்டன' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சாலைகளா பத்திரமாயின? வண்டிகள் பெருகின. பயந்துபோன பெற்றோர் பிள்ளைகளைத் தெருவிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பிள்ளை தெருவில் இல்லை, அதனால் அடிபடவும் இல்லை. நம் ஊரிலும் பள்ளி வேனும் ஆட்டோவும் அப்பாவின் ஸ்கூட்டரும் அதே வேலையைத்தான் செய்கின்றன. அரை கிலோமீட்டர் தூரத்துப் பள்ளிக்கூடத்துக்குக்கூட!

கணக்காகவே பாருங்கள். ஒரு ரோட்டில் தினம் 1,000 பேர் நடக்கிறார்கள், வருஷத்தில் 4 பேருக்கு அடி என்று வைத்துக்கொள்வோம். ரோட்டை அகலப்படுத்தினார்கள், வண்டிகள் பறந்தன, நடப்பவர் 300 பேராகக் குறைந்தார்கள், அடிபட்டவர் 2 பேர். 'விபத்து பாதியாகக் குறைந்தது' என்று அறிக்கை சொல்லும். ஆனால் ஆயிரம் பேருக்கு 4 என்று இருந்த ஆபத்து, இப்போது ஆயிரம் பேருக்கு கிட்டத்தட்ட 7! அதனால் அடிபட்டவர்களை எண்ணும்போது நடந்தவர்களையும் சேர்த்து எண்ண வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் உண்மை தெரியும்.

யார் வருகிறார்கள் என்று பாருங்கள்

வெறும் தலைகளை எண்ணினாலும் போதாது. எந்தத் தலைகள் என்றும் பார்க்க வேண்டும். எவ்வளவு மோசமான ரோடாக இருந்தாலும் வாலிபப் பையன்கள் புகுந்து புறப்பட்டுப் போய்விடுவார்கள். சைக்கிளில் ஒரு பெண், அப்பா துணையில்லாமல் ஒரு பத்து வயதுப் பிள்ளை, கைத்தடியோடு ஒரு பாட்டி - இவர்கள் வர ஆரம்பித்தால்தான் அந்தத் தெரு தேறிவிட்டது என்று அர்த்தம்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் இது நடந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது அறிவொளி இயக்கத்தில் எழுத்துப் பாடத்தோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். பஸ்ஸுக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திருக்காமல் வேலைக்கும் சந்தைக்கும் தண்ணீருக்கும் அவர்களே போய் வந்தார்கள். எத்தனை பேர் கையெழுத்துப் போடக் கற்றார்கள் என்று மட்டும் எண்ணியிருந்தால் இந்தப் பலன் கணக்கிலேயே வந்திருக்காது.

'முன்னே-பின்னே' மட்டும் போதாது

இன்னொரு சிக்கல். திட்டத்துக்குப் பிறகு மாற்றம் வந்தால், அது திட்டத்தால்தான் வந்தது என்று எப்படிச் சொல்வது? வேறு காரணம் இருக்கலாமே?

பீகார் கணக்கைப் பாருங்கள். 2006-ல் அந்த மாநில அரசு, ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் இதை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். எத்தனை சைக்கிள் கொடுத்தார்கள் என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. பீகார்ப் பெண்களை அதே ஊர்ப் பையன்களோடு ஒப்பிட்டார்கள், ஏனென்றால் பையன்களுக்கு அப்போது சைக்கிள் கிடையாது. பக்கத்து மாநிலமான ஜார்க்கண்டோடும் ஒப்பிட்டார்கள், அங்கே இந்தத் திட்டமே கிடையாது. வேறு காரணத்தால் வந்த மாற்றமெல்லாம் இதில் கழிந்துவிடும்.

மிச்சம் என்ன? உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவிகிதம் கூடியிருந்தார்கள். பையன்களுக்கும் பெண்களுக்கும் இருந்த இடைவெளி 40 சதவிகிதம் குறைந்திருந்தது. அதிலும் பள்ளிக்கூடம் 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். பள்ளி வாசலிலேயே வீடு உள்ளவளுக்கு சைக்கிளால் என்ன பெரிய வித்தியாசம்? சைக்கிள்தான் வேலை செய்திருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

உடம்பில் ஒட்டியதா?

இப்போது நான்காவது படிக்கு வருவோம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மிதமான என்றால்? நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக்கூடாது. அவ்வளவுதான்.

வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு 15 நிமிஷம், திரும்ப 15 நிமிஷம். வாரத்தில் ஐந்து நாள். கூட்டிப் பாருங்கள் - 150! 'எக்ஸர்சைஸுக்கு டைம் இல்லை' என்கிறவருக்கும் நல்ல நடைபாதை ஒன்று இருந்தால், போகிற போக்கிலேயே மருந்து உள்ளே போய்விடுகிறது.

இதற்கு ஆதாரம் உண்டு. பிரிட்டனில் சுமார் 2,60,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியானது. சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களுக்கு, காரிலோ பஸ்ஸிலோ போகிறவர்களைவிட அந்தக் காலத்தில் இறக்கும் அபாயம் 41 சதவிகிதம் குறைவாக இருந்தது. நடந்து போகிறவர்களுக்கு இதய நோய் குறைவு. இந்தியாவில் கிட்டத்தட்ட 4,000 பேரிடம் நடந்த ஆய்வு 2013-ல் வந்தது. சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களிடம் அதிக எடையும் ரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் குறைவாகக் காணப்பட்டன. இவை தொடர்பைக் காட்டும் ஆய்வுகள். ஆரோக்கியமானவர்கள்தான் சைக்கிளில் ஏறுகிறார்கள் என்பதும் ஓரளவு காரணமாக இருக்கலாம். ஆனாலும் பல நாட்டு ஆய்வுகள் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு இதற்கென்றே ஒரு கணக்கு முறை வைத்திருக்கிறது. எத்தனை பேர் நடக்கிறார்கள், தினம் சராசரி எத்தனை நிமிஷம் என்று கொடுத்தால், எத்தனை அகால மரணங்கள் தவிர்க்கப்படும், அதன் பண மதிப்பு என்ன என்று சொல்லும். ஆனால் பழைய ஆட்களைப் புது ஆட்களாகக் காட்டக்கூடாது. புதுப் பாதையில் 200 பேர் நடக்கிறார்கள், அதில் 150 பேர் முன்பு பக்கத்துத் தெருவில் நடந்தவர்கள் என்றால், லாபம் 50 பேர்தான். அதனால்தான் எண்ணுவதோடு நிறுத்தாமல், "முன்னே எதில் வந்தீங்க?" என்று கேட்கவும் வேண்டும்.

பாட்டிக்கு எத்தனை விநாடி?

சிக்னலில் ரோட்டைக் கடக்க எவ்வளவு நேரம் கொடுப்பது? பல நாடுகளில் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார்கள் என்று வைத்துக் கணக்குப் போட்டார்கள். ஆனால் இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களை நடக்கவிட்டு அளந்தபோது, சராசரி வேகம் ஆண்களுக்கு 0.9, பெண்களுக்கு 0.8 மீட்டர்தான் இருந்தது. 12 மீட்டர் அகல ரோட்டை இளைஞர் 10 விநாடியில் கடப்பார். அந்தப் பாட்டிக்கு 15 விநாடி வேண்டும். பச்சை விளக்கு 10 விநாடியில் அணைந்தால், கடைசி 5 விநாடி அவர் வண்டிகளுக்கு நடுவில்!

இரண்டு தடவை இப்படி மாட்டிக்கொண்டால் மூன்றாவது தடவை பாட்டி கோயிலுக்குப் போகமாட்டார். "முடியலைம்மா" என்று வீட்டோடு இருந்துவிடுவார். கால் தளரும், தூக்கம் கெடும், மனசு சோரும். விபத்துக் கணக்கு எதிலும் அவர் பெயர் வராது. ஆனால் அந்த ரோட்டால் பாதிக்கப்பட்டவர்தான் அவரும்.

மனசையும் அளக்கலாம்

டென்மார்க்கின் கோபன்ஹேகன், சைக்கிளுக்குப் பேர்போன ஊர். 1990களின் நடுவிலிருந்து அந்த நகராட்சி, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை 'சைக்கிள் கணக்கு' ஒன்றை வெளியிட்டு வந்திருக்கிறது. எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார்கள், எத்தனை பேருக்குப் பலத்த அடி என்பதோடு, "சைக்கிள் ஓட்டும்போது பத்திரமாக உணர்கிறீர்களா?" என்ற கேள்வியும் அதில் உண்டு. ஏன் சைக்கிளில் போகிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் சொன்னது ஆரோக்கியம் இல்லை, சுற்றுச்சூழல் இல்லை. "சீக்கிரம் போய்ச் சேரலாம், சுலபம்" என்பதுதான் பதில்! உபதேசத்தால் யாரும் சைக்கிளில் ஏறுவதில்லை. வழி சரியாக இருந்தால் தானாக ஏறுகிறார்கள்.

உங்கள் தெருவை நீங்களே அளக்கலாம்

இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, ஸ்கூல் லீவில் இருக்கும் ஒரு பிள்ளை - இவை போதும்.

1. நேரம்: காலை 7 முதல் 8, மாலை 5 முதல் 6. வாரத்தில் மூன்று வேலை நாட்கள், ஒரு ஞாயிறு. மழை நாள், திருவிழா நாள் வேண்டாம். பள்ளி திறந்திருக்கும் மாதமா, விடுமுறையா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

2. தலைகள்: நடப்பவர், சைக்கிளில் வருபவர் என்று தனித்தனியாகக் கோடு போடுங்கள். பெண்கள், 15 வயதுக்குக் கீழே, பார்த்தால் 60 தாண்டியவர் என்று பிரித்து எழுதுங்கள்.

3. எங்கே நடக்கிறார்கள்: நடைபாதையிலா, ரோட்டிலா? நடைபாதை இருந்தும் பத்தில் ஏழு பேர் ரோட்டில் இறங்கி நடந்தால், தப்பு அவர்கள் மேல் இல்லை. நடைபாதையில் ஏதோ கோளாறு.

4. தடைகள்: 500 அடி எடுத்து வையுங்கள். எத்தனை தடவை கீழே இறங்க வேண்டியிருந்தது? டிரான்ஸ்பார்மர், விளம்பரப் பலகை, கடைச் சாமான், உடைந்த சிலாப் - எல்லாவற்றையும் குறியுங்கள்.

5. அளவு டேப்: இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012 வழிகாட்டி, குடியிருப்புப் பகுதியில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது சுமார் ஆறு அடி, இருக்க வேண்டும் என்கிறது. உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அரையடிதான்! முட்டி வலிக்காரர் ஏற முடியாத உயரத்தில் போட்டுவிட்டு 'யாரும் பயன்படுத்தலை' என்று குறைப்படலாமா?

6. கேள்வி: பத்துப் பேரிடம் கேளுங்கள். "இருட்டின பிறகு இங்கே நடப்பீங்களா? பிள்ளையைத் தனியா அனுப்புவீங்களா?"

வேலை தொடங்குவதற்கு முன் ஒரு தடவை, முடிந்து ஆறு மாதம், ஒரு வருஷம் கழித்து ஒரு தடவை. அதே மாதம், அதே கிழமை, அதே நேரம். வேலை நடக்காத பக்கத்துத் தெரு ஒன்றையும் சேர்த்து எண்ணிக்கொள்ளுங்கள். பீகார் ஆய்வுக்கு ஜார்க்கண்ட் மாதிரி, உங்களுக்கு அந்தத் தெரு.

உங்கள் சந்தேகங்கள்

புகையும் தூசியுமான ஊரில் நடப்பது கெடுதல் இல்லையா?

2016-ல் வந்த ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டது. உலகின் பெரும்பாலான நகரங்களில், வழக்கமான அளவு நடைக்கும் சைக்கிளுக்கும் நன்மையே அதிகம். காற்று மிக மோசமான டெல்லி போன்ற இடத்தில் நீண்ட நேரம் சைக்கிள் ஓட்டினால் கணக்கு தலைகீழாகலாம். முடிந்தவரை மெயின் ரோட்டைத் தவிர்த்து உள்தெருவில் போங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தினம் 10,000 அடி நடந்தே ஆகணுமா?

அந்த எண் மருத்துவப் புத்தகத்திலிருந்து வந்ததில்லை. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து வந்தது. 47,000 பேருக்கு மேல் கணக்கெடுத்த 2022 ஆய்வின்படி, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு 6,000 முதல் 8,000 அடியிலேயே பெரும்பாலான நன்மை கிடைத்துவிடுகிறது. இளையவர்களுக்கு 8,000 முதல் 10,000.

எனக்குச் சர்க்கரை இருக்கிறது. எதைக் கவனிக்கணும்?

வெறும் காலோடு நடக்காதீர்கள். திரும்பி வந்ததும் பாதத்தில் கொப்புளம், புண் உண்டா என்று பாருங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி, தலைச்சுற்றல் வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. எண்ணி முடித்த நோட்டை அலமாரியில் போட்டுவிடாதீர்கள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்திலோ, கிராம சபையிலோ, வார்டு கவுன்சிலரிடமோ காட்டுங்கள். "ரோடு சரியில்லை" என்று சொன்னால் "பார்க்கலாம்" என்று பதில் வரும். "காலை ஏழிலிருந்து எட்டுக்குள் 212 பேர் நடந்தாங்க, அதில் 160 பேர் ரோட்டில் இறங்கித்தான் நடந்தாங்க, அறுபது தாண்டினவங்க நாலே பேர்" என்று உங்கள் நோட்டைப் பார்த்துச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பதிலை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அடுத்த வருஷம் அந்த நாலு, நாற்பதானால், உங்கள் தெருவுக்குப் போட்ட திட்டம் பலித்தது!